கழுத்தில் ஏழு எலும்புகள்

பெங்களூர் போகும் அதிகாலை ரயிலில் என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேரை முகம் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. பின்கழுத்தைப் பார்த்தால் தெரியும். மாரிகுப்பத்தில் வண்டி கிளம்பும்போதே உட்காரும் இடங்கள் நிரம்பிவிடும். அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் நான் ஏறும்போது, உட்கார்ந்தவர்கள் மடியிலிருக்கும் பையின் மேல் நெற்றியைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கியிருப்பார்கள். துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், செக்யூரிட்டிகள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், என்னைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறவர்கள். எல்லாமே குனிந்த கழுத்துகள். சட்டைக் காலருக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் குனிந்து விரல் வைத்துப் பார்க்கலாம், தட்டுப்படும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கழுத்தின் ஏழாவது, கடைசி எலும்பு. கம்பியைப் பிடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிவிடுவேன். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறி இடிக்கும்போதுதான் விழிப்பு வரும்.

ஒயிட்ஃபீல்டில் இறங்கி, ஒரு பஸ் மாறி, ஒன்பது மணிக்கு முன்னால் இருக்கையில் இருக்க வேண்டும். நான்கு வருடங்களாக இப்படித்தான்.

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. கழுத்தை சிடி ஸ்கேன் எடுத்தால், வெங்காயத்தை மெல்லிசாக அரிந்த மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள் வரும். அவற்றில் எது எந்த எலும்பு என்று கம்ப்யூட்டர் தானாகவே பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனியின் நோக்கம். அதற்குக் கற்றுக்கொடுக்க, சரியாக விடை எழுதிய படங்கள் ஆயிரக்கணக்கில் தேவை. அந்த விடைகளை எழுதுவது நாங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு எலும்பின் ஓரத்தையும் மவுஸால் வளைத்து, ஒன்றாம் எலும்புக்கு ஒரு நிறம், இரண்டாவதற்கு ஒரு நிறம் என்று ஏழு நிறங்கள் பூசுவோம். வயதானவர்களின் கழுத்தில் எலும்பு முளைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எது முடிகிறது, எது தொடங்குகிறது என்று தெரியாது. பல்லில் உலோகம் அடைத்தவர்கள் படத்தில் வெள்ளைக் கோடுகள் வெடித்துச் சிதறி மேல் இரண்டு எலும்புகளை மறைத்துவிடும். படம் எடுக்கும்போது எச்சில் விழுங்கியவர்களின் எலும்பு இரண்டிரண்டாகத் தெரியும்.

முதல் வருடம் எல்லாம் கையால் வரைந்தோம். ஒரு கழுத்துக்கு அரை நாள் ஆகும். பிறகு நாங்கள் கற்றுக்கொடுத்ததை வைத்து சாஃப்ட்வேரே முதலில் நிறம் பூசிக் கொடுக்க ஆரம்பித்தது. தப்பை மட்டும் திருத்தினால் போதும் என்றார்கள். வேலை லேசாகும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். லேசாகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கழுத்து பார்த்த இடத்தில் பன்னிரண்டு, பிறகு இருபது, பிறகு நாற்பது என்றானது. வரைவதில் கை வலிக்கும். அடுத்தவர் வரைந்ததில் தப்புத் தேடுவதில் வலிப்பது எது என்று சொல்லத் தெரியவில்லை. மாலையில் கண்ணை மூடினால் நிறங்கள் நகரும்.

அதற்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். "மூச்ச இழுங்க, புடிங்க, உடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடங்கள் போயின. அங்கே ஆட்களைப் பார்த்தேன். மூக்குத்தி கழற்ற வராத கிழவிகள், சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் ஆண்கள். டாக்டருக்கு வயதாகி அதை மூடியபோது, எலும்புப் படம் பார்த்துப் பழகியவர்கள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து இங்கே வந்தேன். சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் முகவரியைப் படித்த டீம் லீடர் தலை நிமிர்ந்து பார்த்தாள். நான் இருக்கும் இடத்தின் பெயர் ஸ்கெலட்டன், ஆங்கிலத்தில் எலும்புக்கூடு. எலும்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று சிரித்தாள். மங்களூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அந்தப் பெயரில் எங்களுக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் அப்பாவும். தங்கச் சுரங்கம் நடந்த மைன்ஸ் காலத்தில் அப்பாவுக்குக் கிடைத்த குவாட்டர்ஸ் அது. அம்மா போன பிறகு நாங்கள் இங்கே வந்துவிட்டோம். வீட்டுக்காரருக்கு மாலூரில் பாக்டரி வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஒரே வீட்டில் இருந்தும் சில வாரங்கள் நாங்கள் பேசிக்கொள்வது அடுப்படியில் மூடி வைத்த பாத்திரங்கள் மூலமாகத்தான்.

அப்பா அண்டர்கிரவுண்டில் மரம் கட்டும் வேலை செய்தவர். மேல்பாறை இறங்காமல் முட்டுக்கொடுக்கும் வேலை. மைன்ஸ் மூடிய பிறகு சும்மா இருக்கவில்லை. மரக்கடையில் இருந்தார், புத்த விகாரையில் பௌர்ணமிக்குப் பாய் விரித்து, விளக்கு துடைத்து, பந்தி முடியும்வரை நிற்பார். போன வருடம் மழைக்காலத்தில் அவர் சட்டைப் பொத்தான் போடுவதை விட்டுவிட்டதைக் கவனித்தேன். வெயில் என்று சொன்னார். மழையில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்பதைவிட, கேட்டால் அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் உண்மை. பிறகு டீ டம்ளர் கைநழுவ ஆரம்பித்தது. நடக்கும்போது கால்களை அகட்டி வைத்தார், ஓடும் பஸ்ஸுக்குள் நடக்கிற மாதிரி. வீட்டுக்காரர்தான் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னார்.

"உங்கப்பா சோத்த பெசய முடியாம ஒக்காந்துக்கினு கீறாரு. நீ பாக்கறியா இல்லியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் மரத்துப்போவதும் கால் பிடிப்பில்லாமல் போவதும் சேர்ந்து வந்தால் கழுத்தில் ஏதோ நரம்பை அழுத்துகிறது என்று எனக்குத் தெரியும். தினமும் நாற்பது கழுத்து பார்க்கிறவளுக்கு வீட்டில் இருக்கும் கழுத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்த வாரமே ஸ்கேன் எடுத்தோம், சிடி ஒன்று, எம்ஆர்ஐ ஒன்று. கோலாரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் முதுகெலும்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் கிடைத்தது. திங்கட்கிழமை லீவு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் என் பங்கை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றாள் டீம் லீடர். அவள் கடுமையாகச் சொல்லவில்லை. நாங்கள் திருத்திய படங்களின் தொகுப்பு திங்கள் காலையில், எங்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐம்பதுக்கு மேல் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு நான் பார்த்தேன் என்று சொல்வதே தப்பு. படம் வரும், நிறங்கள் வரிசையாக இருக்கும், ஓரம் பிசிறில்லாமல் இருக்கும், சரி என்பதற்கான பச்சைப் பொத்தானை அழுத்துவேன். பக்கத்து இருக்கையில் குப்பம் என்ற ஊரிலிருந்து வரும் பெண் இருப்பாள். ஆந்திரா எல்லையிலிருந்து அவளும் எங்களைப் போலத் தினமும் ரயிலில் வந்து போகிறவள். இருபத்தைந்து வயது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். "அக்கா, நீங்க இன்னிக்கு மெஷின் மாதிரி போறீங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை வண்டியில் இடம் கிடைத்தது. டேகல் ஸ்டேஷன் தாண்டியிருக்கும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் இருந்தபோது ஒரு படம் கண்ணுக்குள் வந்தது. அன்று நான் பார்த்த ஒரு கழுத்து, பக்கவாட்டுத் தோற்றம். ஏழாவதற்கு ஊதா நிறம். அந்த ஊதா எலும்பின் பக்கத்தில் ஒரு விலா எலும்பு ஒட்டியிருந்தது.

கழுத்தெலும்பில் விலா எலும்பு ஒட்டாது. அபூர்வமாகச் சிலருக்கு ஏழாவதில் ஒரு குட்டி விலா இருக்கும். ஆனால் இது குட்டி இல்லை, முழு விலா. நெஞ்சுக்கூட்டின் முதல் எலும்புக்குத்தான் அப்படி இருக்கும். அப்படியானால் ஏழு என்று போட்டது எட்டாவது. அப்படியானால் மேலே எங்கோ இரண்டு எலும்புகளை ஒன்றாக எண்ணியிருக்கிறது. பிறவியிலேயே இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிப் பிறந்தவர்கள் உண்டு. சாஃப்ட்வேர் அதை ஒரே எலும்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு எண் குறைத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு எலும்பின் ஓரமும் கச்சிதம். பெயர்தான் தப்பு. நான் பச்சையை அழுத்தியிருக்கிறேன்.

எங்களுக்குப் பிறகு இன்னொருவர் பார்ப்பார், அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே பார்த்தேனா, தூக்கக் கலக்கமா என்றும் கேட்டுக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன், அப்பாவின் ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் அடுக்கினேன். டீம் லீடரின் நம்பர் போனில் இருந்தது. கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை பூதிகோட்டைக்காரர் ஒருவரின் காரில் கோலார் போனோம். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும், அவசரப்படாத ஆள். அப்பாவின் விரல்களை விரித்து மடக்கச் சொன்னார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு சிடி ஸ்கேனைத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். அப்பாவின் கழுத்து திரையில் எழும்பியது. அடுத்த நொடி அதன் மேல் நிறங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கத்தில் எண்கள். எங்கள் சாஃப்ட்வேர் இல்லை, வேறு ஏதோ கம்பெனியுடையது. ஆனால் அதே வேலை. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது.

நாலுக்கும் ஆறுக்கும் நடுவே இரண்டு இடங்களில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அந்த லெவலில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். லெவல் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சுரங்கத்தின் ஆழத்தையும் லெவல் கணக்கில்தான் சொல்வார்கள். அதுவரை அவர் எதையும் கேட்காதவர் மாதிரி இருந்தார்.

"நாலாவது லெவலா? அது மேலயே கீதே. நான் எம்பதாவது லெவல் வரிக்கும் எறங்கனவன்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு டாக்டரைப் பார்த்து, என் மகள் பெங்களூரில் இதே வேலைதான் செய்கிறாள், இந்த நிறம் போடுகிற வேலை என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார். அவருக்கு அது புரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். மரியாதையோடு கேட்டார், கிண்டலே இல்லை. "அப்படியா? நீங்களே பாருங்கள். இது போட்ட எண்கள் சரியா?"

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். முதலாவது, வளையம் மாதிரி. இரண்டாவது, மேலே முளை நீட்டிக்கொண்டு. மூன்று. நான்கு. ஐந்தும் ஆறும் கிட்டத்தட்ட ஒட்டி, ஓரங்களில் எலும்பு வளர்ந்து, அப்பா தலையில் சுமந்த மரங்களெல்லாம் அங்கேதான் போய் உட்கார்ந்த மாதிரி. ஏழு. அதற்குக் கீழே விலா. படத்தை நகர்த்தித் தரச் சொல்லி, கீழேயிருந்து மேலாக இன்னொரு முறை எண்ணினேன். சரி என்று சொன்னேன்.

நானும் எண்ணினேன், சரிதான் என்றார் டாக்டர். இது வந்ததிலிருந்து வேலை சுலபம், ஆனால் நம்பிவிட முடியாது, தியேட்டரிலும் எக்ஸ்ரே வைத்து இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம் என்றார். எண்ணிக்கை ஒன்று தவறினால் நல்ல இடத்தை வெட்டிவிட்டு நோயை அப்படியே வைத்துத் தைத்துவிடுவோம் என்று, தினமும் சொல்கிற விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னார். ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் மோசமாகாது, போனது எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். அப்பா தலையாட்டினார். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை போனதும் பையைக்கூட வைக்காமல் டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு கழுத்தில் எண் தப்பாக விட்டுவிட்டேன், எந்தப் படம் என்று நினைவில்லை. தொகுப்பு போய்விட்டது என்றாள். என் கணக்கில் இருந்த படங்களை இருவரும் திறந்து பார்க்கத் தொடங்கினோம். இருபத்து மூன்றாவதில் அது இருந்தது. ஊதா எலும்பும் விலாவும், ரயிலில் பார்த்த மாதிரியே. இரண்டாவதாகப் பார்த்தவரும் பச்சையைத்தான் அழுத்தியிருந்தார்.

அவள் அந்தப் படத்தை மூடினாள். பிறகு கேட்டாள், மற்றதெல்லாம் சரியாகப் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று. முடியும் என்று சொல்லியிருந்தால் அந்த ஒன்றைத் திருத்தி ஒரு மெயிலோடு முடித்திருப்பாள். அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. முடியாது என்று சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் நான் எதையும் எண்ணவில்லை என்று சொன்னேன்.

அந்த வாரம் சனி, ஞாயிறு எல்லோரும் வந்தோம். அனுப்பிய தொகுப்பு முழுவதையும் முதலிலிருந்து பார்த்தோம், ஒவ்வொன்றையும் இரண்டு பேர், மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஏசி போடவில்லை. ஒருவருக்கு அக்கா மகளின் காதுகுத்து தவறிப்போனது. இன்னொருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மீட்டிங் அறையில் படுக்க வைத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. டீக்குப் போகும்போது கூப்பிடவும் இல்லை.

இன்னும் மூன்று தப்புகள் கிடைத்தன. ஒன்று என்னுடையது. ஒன்று முதல் வரிசையில் இருந்த ஒருவருடையது. ஒன்று குப்பத்துப் பெண்ணுடையது. அவளுடையதில் மெஷின் மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒன்றாம் எலும்பு என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நீங்க சொல்லலன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது அக்கா."

"தெரிஞ்சிருக்காது" என்றேன். அது உண்மை.

"இந்த ஞாயித்துக்கெழம முழுக்க வீட்ல இருப்பேன்னு எங்க அம்மாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டே இருந்தேன்" என்றாள். அவள் தினமும் வீட்டுக்குப் போகிறவள்தான். அம்மா எழுந்திருக்கும் முன் கிளம்பி, தூங்கிய பிறகு போவாள். ஞாயிறு மட்டும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

வெளிநாட்டுக்காரர்கள் கோபிக்கவில்லை. நன்றி சொல்லி ஒரு மெயில் வந்தது. டீம் லீடர் அதை எல்லோருக்கும் அனுப்பிவைத்தாள், என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் அவர்களிடமிருந்து வந்த வேலை குறைவாக இருந்தது. சாஃப்ட்வேர் நன்றாகத் தேறிவிட்டது, இனி சந்தேகத்துக்குரிய படங்களை மட்டும் அனுப்பினால் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் பதினான்கு பேரில் ஐந்து பேர் போதும் என்றாகிவிட்டது. நான் சொன்னதால் இப்படியானதா, எப்படியும் ஆகியிருக்குமா என்று தெரியாது. டீம் லீடரிடம் கேட்டேன். எப்படியும் ஆகியிருக்கும் என்றாள். வேறு மாதிரி சொல்லியிருக்கவும் மாட்டாள்.

அந்த ஐந்தில் நான் இருந்தேன். சந்தேகம் வந்தால் சொல்லும் ஆள் வேண்டும் என்றார்களாம். குப்பத்துப் பெண் இல்லை. கடைசி நாள் மேஜை டிராயரைக் காலி செய்து, ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, என்னிடமும் சொல்லிவிட்டுப் போனாள். வரேன் அக்கா என்றுதான் சொன்னாள். அதில் கோபம் இருந்ததா என்று நான் பல நாள் யோசித்தேன். இரண்டு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அவள் அம்மா எடுத்தார். தூங்குகிறாள் என்றார். பகல் பதினோரு மணி. எழுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் தோன்றியது.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது பொங்கல் கழித்து. தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது கையைப் பிடித்தேன். பிடியில் பலமில்லை, ஆனால் சூடாக இருந்தது. வீட்டுக்காரர் பாக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வெளியே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நாலரை மணி நேரம். நான் உள்ளே இரண்டு பேர் எண்ணுவதை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்ட்.

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். எண்ணினீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்சம் சிரித்து, மூன்று பேர் எண்ணினோம், உங்களுக்காக நர்ஸையும் எண்ணச் சொன்னேன் என்றார்.

விரல் மரப்பு பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகாது என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார். மேல் பொத்தான்களைப் போட வருகிறது, கடைசி இரண்டும் வருவதில்லை. அவற்றைத் திறந்தே விட்டுக்கொள்கிறார். கழுத்துப் பட்டை போட்டிருந்த ஆறு வாரமும் எரிச்சலோடு இருந்தார். தலையைத் திருப்ப முடியாததால் யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்புவார். அதைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிக்க, "சிரி, சிரி. ஒனக்கும் வரும் வயசு" என்பார். இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டதை நான் முன்னால் பார்த்ததில்லை. பட்டையைக் கழற்றி மாட்டுவது என் வேலை என்றிருந்தது, நான் திரும்ப வேலைக்கு ரயிலேறத் தொடங்கியதும் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார், அன்றைக்கு டாக்டரிடம் நீ ஏன் அவ்வளவு நேரம் எண்ணினாய் என்று. ஆபீஸில் நடந்ததையெல்லாம் சொன்னேன். குப்பத்துப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லது செய்தாய் என்றோ தப்பு என்றோ சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு வேற வேல கெடச்சிதா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"விசாரி" என்றார். பிறகு கையை ஊன்றி, மெதுவாக எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அன்று செவ்வாயா புதனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. குழாயடியில் அவர் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. சுவரில் சாய்ந்தபடி, விசாரிக்க வேண்டும், இந்த ஞாயிறு கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.